வடக்கு ஜன்னல், ஆனால்

மே 4

அன்புள்ள குண்டூசிக்கு,

முதலில் எழுந்து நில். நின்றாயா? எனக்கு உன் ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது! உத்தரவை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகள் வார்டுக்குத் தலைமை நர்ஸ். ஜூன் பத்தாம் தேதி சேர வேண்டும். ஹாஸ்டலில் ஒரே போர்வைக்குச் சண்டை போட்ட நாம் பதினெட்டு வருஷம் கழித்து ஒரே ஊரில்! செய்தி வந்ததும் வார்டிலேயே ஒரு குதி குதித்தேன். பாடுபட்டுத் தூங்க வைத்த ஏழு குழந்தைகளும் ஒன்றாக எழுந்துகொண்டன.

வீடுதான் கவலை. போன மாற்றலில் வந்த புரோக்கரை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. "அமைதியான இடம் மேடம்" என்றான். அமைதிதான், ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற ஆறு நாளும் பின்பக்கத்தில் தகர டப்பா அடிக்கிற பட்டறை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அவன் ஒரு பட்டறையையே மறைத்துவிட்டான். ராத்திரி டியூட்டி பார்த்துப் பகலில் தூங்குகிற ஜென்மம் நான். இரண்டு வருஷமாகக் காதில் பஞ்சோடு படுக்கிறேன்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, போன மாதம் தூக்கக் கலக்கத்தில் இரண்டு குழந்தைகளின் கைப்பட்டையை மாற்றிக் கட்டப் போனேன். கடைசி நொடியில் கண்ணில் பட்டது. இப்போது ஒவ்வொரு பட்டையிலும் அம்மா பெயரை மூன்று தடவை படிக்கிறேன். அடுத்த வீட்டிலும் தூக்கம் இல்லையென்றால் இந்த வேலையை விட்டுவிடுவேன், சத்தியமாக. எனக்கு வேண்டியது பகலில் இருட்டும் நிசப்தமும், அவ்வளவுதான். தெரியாத ஊரில் நல்ல புரோக்கர் கிடைப்பது குதிரைக் கொம்பு. நீதான் ஒருவரைப் பிடித்துத் தர வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாம். நீ விழித்திருக்கும்போது நான் தூங்குகிறேன், நான் விழித்திருக்கும்போது நீ. அதோடு உனக்கு எழுதினால்தான் எனக்குச் செரிக்கிறது.

உன் பம்பரம்


மே 9

அடி பம்பரமே,

நான் கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரம்மா என்னமோ ஏதோ என்று இறங்கி ஓடி வந்துவிட்டார். என் சிநேகிதி வருகிறாள் என்றேன். "அதுக்கா இந்தக் கூப்பாடு?" என்று திட்டிவிட்டுப் போனார்.

உனக்காக மூன்று புரோக்கர்களைப் பார்த்தேன். மூவரிடமும் ஒரே கேள்வி: "இந்த வீட்ல என்ன குறை?" முதல் ஆள் நெஞ்சில் கை வைத்து, "குறையா? நம்ம வீட்லயா?" என்றார். இரண்டாமவர், "குறைன்னு பார்த்தா மனுஷனுக்கே ஆயிரம் இருக்கு" என்று தத்துவத்தில் இறங்கிவிட்டார். மூன்றாமவர், "பஸ் நிறுத்தம் அஞ்சு நிமிஷ நடை" என்றார். நடந்தே பார்த்தேன், இருபத்திரண்டு நிமிஷம். கேட்டால், "கொஞ்சம் எட்டிப் போடணும் மேடம்" என்கிறார்.

இந்த ஊரில் குறையை ஒளிக்காமல் சொல்கிற புரோக்கர் ஒரே ஒருவர்தான். அவரை உனக்குத் தெரியும். உன் கண் முன்னால்தான் என்னைக் கட்டிக்கொண்டார். சிரிக்காதே.

அவருக்கு ஆனால்காரர் என்று பெயர் வைத்தவளே நீதான். கல்யாணத்தன்று, "அழகா இருக்கே, ஆனா ஒரு தோடு திரும்பியிருக்கு" என்றாரே, அன்றைக்கு வைத்தாய். பிறகு ஆறு வருஷம் அந்த ஆனாலோடு குடித்தனம் நடத்தினேன். சாப்பாடு நல்லாருக்கு, ஆனா. புடவை நல்லாருக்கு, ஆனா. கடைசியில், பல் கட்டுகிற வேலையில் நானே தனியாகச் செய்த முதல் முழுப் பல்செட்டை மேசையில் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பிரமாதம்" என்றார். அங்கேயே வாயை மூடியிருக்கலாம். "ஆனா கீழ்வரிசையில மூணாவது பல்லு கொஞ்சம் மஞ்சள்." அடுத்த வாரமே, அதுவரை வேலைக்கு மட்டும் வைத்திருந்த இந்த ஒற்றை அறைக்கே குடி வந்துவிட்டேன். மூன்று வருஷம் ஆகிறது. ஒரு பல்லுக்காகவா புருஷனை விட்டாய் என்று ஊரே சிரித்தது.

வீடு பார்க்க அந்த வாய்தான் வேண்டும். பெண்டாட்டிக்குத்தான் ஆகாது. ஆகவே மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவருக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டேன். நீ பதினெட்டாம் தேதி வந்துவிடு. அன்றைக்கே நான் பல் சுடுகிற புது அடுப்பில் பயிற்சி எடுக்கப் பத்து நாள் வெளியூர் போகிறேன். அங்கே எனக்கு எழுத விலாசம் கீழே. என் அறைச் சாவி மாடியில் இருக்கும். நான் இல்லாதது நல்லதுதான், இல்லாவிட்டால் நீ வீடு பார்க்கிற இடத்தில் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

உன் குண்டூசி


மே 21

அன்புக் குண்டூசி,

உன் நாற்காலியில் உட்கார்ந்து, உன் மேசையில், சுற்றிலும் உன் பல்செட்டுகள் இளித்துக்கொண்டு பார்க்க எழுதுகிறேன். அந்த நீல டியூப்லைட்டில் எப்படியடி வேலை செய்கிறாய்? பட்டப்பகலில்கூட என் கை பிணத்தின் கை மாதிரி தெரிகிறது.

உன் ஆனால்காரரோடு மூன்று நாள் சுற்றியாகிவிட்டது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றவர்கள், இவரோடு வீடு தேடிப் பார் என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு கூத்து! சட்டைப் பையில் ஒரு கோலிக்குண்டு வைத்திருக்கிறார். உள்ளே நுழைந்ததும் தரையில் உருட்டி விடுகிறார். அது ஓடிய பக்கம் பார்த்து, "தரை சாய்வு" என்கிறார். எல்லாக் குழாயையும் திறந்து காது கொடுத்துக் கேட்கிறார். பிறகு ஒரு மூலையில் கால் மணி நேரம் பேசாமல் உட்காருகிறார். நானோ சும்மா நிற்கிற ஜாதி இல்லை. அதற்குள் நான் மாடிக்கும் கீழுக்கும் நாலு தடவை ஓடியிருப்பேன்.

அவர் அறையில் சுவர் முழுக்கச் சாவிகள். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை. முதலில் வீட்டின் நல்லது, அப்புறம் ஒரு ஆனால், அப்புறம் குறை. "பெரிய கூடம், ஆனால் எதிரே பால் வண்டி நிற்கும் இடம்." ஒன்பது வீடு காட்டி, ஒன்பதையும் அவரே வேண்டாம் என்றுவிட்டார். ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "தங்கச்சி, பக்கத்துல பள்ளிக்கூடம் கட்ட அஸ்திவாரம் போட்டிருக்கான். அடுத்த வருஷம் தூங்க முடியாது" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கூட்டி வந்தார். வேறொரு புரோக்கராக இருந்தால் அன்றைக்கே கையெழுத்து வாங்கியிருப்பான்.

உன்னைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "மேசைக்கு மேல இன்னும் அதே டியூப்லைட்தானா?"

உன் பம்பரம்


மே 23

பம்பரம்,

என் மேசை விளக்கைப் பற்றி அவருக்கு என்னவாம்? என் மேசை, என் விளக்கு. நான் கேட்டதாகச் சொல்லாதே. இளைத்துப் போயிருக்கிறாரா? அதையும் நான் கேட்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். அந்த முதல் பல்செட்டைப் போட்டுக்கொண்டு போன பெரியவர் பத்தாம் நாள் திரும்பி வந்தார். "பேத்தி சிரிக்கிறாம்மா, ஒரு பல்லு மட்டும் மஞ்சளா இருக்குதாம்" என்றார். கீழ்வரிசை, மூன்றாவது. அவருக்கு வேறு செய்து கொடுத்துவிட்டேன். பழையதைத் தூக்கிப் போட மனசு வராமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். உன் ஆனால்காரரிடம் போய், நீங்க சொன்னது சரிதான் என்று எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை.

பத்தாவது வீட்டையாவது பிடித்துவிடு.

குண்டூசி


மே 25

குண்டூசி, என் கண்ணே,

வீடு கிடைத்துவிட்டது! ஊர் நூலகத்துக்கு நேர் பின்னால், தரைத்தளம். அட்டையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "நிசப்தம், ஆனால் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. துணி காய இரண்டு நாள்." எனக்கு ஆனந்தக் கூத்தாடலாம் போல இருந்தது. உன் ஆனால்காரர் சொல்கிறார்: "ஆறு மாசமா இதை வச்சிருக்கேன் தங்கச்சி. நல்ல வீட்டுக்கு யார் வேணா வருவாங்க. இந்தக் குறைக்கு ஏத்த ஆள் வரணும்ல?" அந்த அறையில் படுத்தே பார்த்துவிட்டேன். பகல் பதினொரு மணிக்கு வெறுந்தரையில் படுத்தவள் மூன்று மணிக்குத்தான் எழுந்தேன். அவர் வாசலிலேயே காத்திருந்திருக்கிறார்.

நடந்த முக்கியமான விஷயம் அது இல்லை. உட்கார்ந்து படி.

காலையில் அவர் செருப்பு மாட்டுவதற்குள், "நூலகத்துக்குப் பின்னாடிதானே? நான் முன்னால போறேன்" என்று ஆணியிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். என் அவசரம்தான் உலகப் பிரசித்தமாயிற்றே. தரைத்தளக் கதவில் சாவி நுழையவில்லை. சும்மா இருப்பேனா? கட்டடத்தில் பூட்டியிருந்த ஒவ்வொரு கதவாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் மாடியில் திறந்துகொண்டது.

காலி வீடு. வடக்கே சுவரின் பாதி அளவுக்கு ஜன்னல். வெயில் இல்லை, கண் கூசவில்லை, வெள்ளைத் துணியை வெள்ளையாகவே காட்டுகிற வெளிச்சம். அதன் கீழே ஒரு மேசை. பக்கத்தில் போய் நின்றேன். நீ குள்ளச்சி இல்லையா? எனக்கு இடுப்புக்குக் கீழே இருந்தது. உனக்குச் சரியாக இருக்கும்.

அப்போதுதான் அட்டையைப் பார்த்தேன். நான் பிடுங்கிக்கொண்டு வந்தது பக்கத்து ஆணிச் சாவி. அதில் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன்: "வடக்கு ஜன்னல். காலை எட்டு முதல் மாலை நாலு வரை ஒரே சீரான வெளிச்சம். ஆனால்". அதோடு நின்றுவிட்டது. பிறகு ஒன்றுமே இல்லை.

மூச்சிரைக்க ஏறி வந்தவர் என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி நின்றுவிட்டார். மூச்சு வாங்கியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பல்லு அவ தப்பு இல்ல தங்கச்சி. அந்த அறையோட தப்பு. டியூப்லைட்ல எவன் செஞ்சாலும் நிறம் மாறத்தான் செய்யும். அதைச் சொல்லாம பல்லை மட்டும் சொல்லிட்டேன். அப்புறம்தான் வெளிச்சம் தேட ஆரம்பிச்சேன். ரெண்டு வருஷம் ஆச்சு இது கிடைக்க. ஒரு வருஷமா நானே வாடகைக்கு எடுத்து வச்சிருக்கேன்."

"ஏன்ணா அவகிட்ட சொல்லல?" என்றேன். கோலிக்குண்டை விரலில் உருட்டிக்கொண்டே நின்றார்.

நான் மூட்டை கட்ட நாளை ஊருக்குக் கிளம்புகிறேன். சாவியை உன் மேசையில், அந்த மஞ்சள் பல்செட்டின் வாயில் கடிக்க வைத்திருக்கிறேன். அவரிடம் கேட்டுத்தான் வாங்கினேன். ஆமாம், இளைத்துத்தான் போயிருக்கிறார்.

உன் பம்பரம்


ஜூன் 2

அன்புள்ள பம்பரத்துக்கு,

நாலு நாள் அந்தச் சாவியைத் தொடவில்லை. தினமும் அது என்னைப் பார்த்து இளித்தது. நேற்றுப் போனேன்.

பல் நிறம் பார்க்கிற பட்டையையும், அந்தப் பழைய பல்செட்டையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். அடியே, என்ன மஞ்சள்! குருடிக்கும் தெரியும். மூன்று வருஷம் அந்த டியூப்லைட்டின் கீழே உட்கார்ந்து, அப்படியொன்றும் மஞ்சள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. திரும்பினால் அவர் வாசலில் நிற்கிறார். எப்போது வந்தாரோ தெரியாது. உள்ளே வரவில்லை.

"மஞ்சள்தான்" என்றேன். மூன்று வருஷம் கழித்து நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு ஆனாலைக்கூடக் காணோம். எனக்குப் பொறுக்கவில்லை. பென்சிலை எடுத்து, அட்டையில் அவர் நிறுத்திய இடத்தில் நான் எழுதி நீட்டினேன்: "ஆனால் நீங்கள் என்னைக் கேட்கவே இல்லையே."

இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் படித்தார்.

"வர்றியா?"

"வர்றேன்."

அப்படியே நின்றார். மேலே ஏதோ வரப் போகிறது என்று காத்திருந்தார், பாவம். கடைசியில் அவரே, "ஆனா?" என்றார்.

"ஆனா ஒண்ணும் இல்ல" என்றேன். பம்பரம், அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை. நேற்றுப் பார்த்தேன்.

நீ எட்டாம் தேதி வருவதற்குள் நாங்கள் குடி வந்துவிடுவோம். நீ கீழே இருட்டில் தூங்கு, நான் மேலே வெளிச்சத்தில் பல் செய்கிறேன். பகலில் ஒரு ஸ்பூன்கூடக் கீழே விழாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இதற்குப் பதில் எழுதாதே. திட்டுவதானால் மாடி ஏறி வந்து திட்டு.

உன் குண்டூசி

பி.கு.: தபாலில் போடுவதற்கு முன் இதை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். "நல்லா எழுதியிருக்கே, ஆனா முதல் பக்கத்துல ஒரு 'க்' விட்டுப்போச்சு" என்றார். விட்டுத்தான் போயிருந்தது. ஜன்னல் பக்கம் போய்ச் சேர்த்துவிட்டேன்.