கொசுறு டீசல்

திருவல்லம்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் லிபிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், மஸ்கட் வெயிலில் நீ வாடாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று திருத்துவாள், அதனால்தான் கடிதம்.

கரமனையில் எண்ணெய்க்கடை வைத்திருந்த முப்பது வருஷமும் அளந்த பிறகு கொசுறு ஊற்றாமல் நான் யாரையும் அனுப்பியதில்லை, உனக்கே தெரியும். கடையை விட்டு, சவாரிக்கு இந்தச் சின்னப் படகை வாங்கியும் அந்தக் கை மாறவில்லை. டேங்கில் கொஞ்சம் இடம் விடுங்கள் என்று நீ சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. போன மாதம் ஒரு காலையில் கேனிலிருந்து டீசலைக் கழுத்துவரை ஊற்றி, கொசுறும் ஊற்றி மூடினேன். பத்து மணி வெயிலில் அது பெருகி, டேங்கின் காற்றுக்குழாய் வழியாக வழிந்து, ஆற்றில் பளபளவென்று பரவி, துறைக்குக் கீழே தங்கப்பன் கரிமீன் வளர்க்கும் கூடுகளைப் பார்த்துப் போகத் தொடங்கியது. ஒரு வருஷமாக அவர் வளர்த்த மீன், பிடிக்க மூன்று வாரம்தான் பாக்கி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்து ஊற்றப் போனேன். தங்கப்பன் ஓடி வந்து கையைப் பிடித்து, அண்ணாச்சி, சோப்பு வேண்டா, எண்ணெய் அடியில எறங்கும், மீனெல்லாம் செத்துப்போகும் என்று கத்தினார். வாழைமரத் தண்டுகளைக் குறுக்கே மிதக்கவிட்டுத் தடுத்தோம். அம்மா கொண்டுவந்த பழைய துணிகளால் மூன்று பேரும் மத்தியானம்வரை ஒற்றி ஒற்றி எடுத்தோம். அதில் என் கல்யாண வேட்டியும் போயிற்று என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் தங்கப்பன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது முக்கால் டேங்கோடு நிறுத்திவிடுகிறேன். ஆட்களை இறக்கிவிட்டு, டேங்கின் வாயைச் சுற்றித் துணி வைத்து, காற்றுக்குழாயில் ஒரு டப்பாவும் கட்டித்தான் ஊற்றுகிறேன். அம்மா கரையில் நின்று போதும் போதும் என்கிறாள், சோறு போடும்போது மட்டும் அந்த வார்த்தை அவளுக்கு வராது.

நேற்று தங்கப்பன் மீன் பிடித்தார். போகக் கூச்சப்பட்ட என்னை அம்மா பையைக் கொடுத்துத் தள்ளிவிட்டாள். ஒரு கிலோ கேட்டேன். நிறுத்துப் போட்டவர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கரிமீனையும் பையில் போட்டார். கொசுறு மீனுக்குக் கொள்ளாம் அண்ணாச்சி, டீசலுக்கு வேண்டா என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது மகளே.

ஆண்டவர் உன் போக்கிலும் வரத்திலும் துணையிருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. டேங்க் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி, ஆனால் நான் ஒப்புக்கொண்டதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன் அப்பா,
தாசையன்