என்மேல் சாய்ந்த ராட்வைலர்

பாப்பா அம்மாவுக்கு,

உன் இடுப்பு வலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

கிடங்குக் காவலில் எனக்குத் துணையாக ஒரு ராட்வைலர் நாயை விட்டிருக்கிறார்கள். கன்றுக்குட்டி போல உடம்பு, தார்க் கறுப்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு. குரைப்பது அபூர்வம். சும்மா உற்றுப் பார்க்கும், நான் நாலடி தள்ளியே நிற்பேன்.

முந்தாநாள் நேரே வந்து என் தொடையில் மொத்த உடம்பையும் சாய்த்தது. நான் பின்வாங்கப் பின்வாங்க, தள்ளிக்கொண்டே போய் என்னைச் சுவரோடு ஒட்டிவிட்டது. முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதே. என் அலறல் கேட்டு ஓடிவந்த நாய்ப் பயிற்சிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மாடு ஓட்டின பரம்பரைப்பா அது! கறிக்கடை வண்டியெல்லாம் இழுத்திருக்கு. உடம்பாலதான் தள்ளும். ஆனா கண்டவன் மேல சாயாது, பிடிச்சவங்க மேலதான் சாயும். நீ நகர்ந்தா விடுமா? பேசாம நில்லு."

இப்போது நான் நகர்வதில்லை. பேருந்தில் பாப்பா என்மேல் தூங்கி விழுவாளே, அப்படித்தான் இருக்கிறது.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. இதைக் கொண்டுவரும் டிரைவர் அண்ணன் திரும்பும்போது தலைவலித் தைலமும் உன் பழைய சேலை ஒன்றும் கொடுத்தனுப்பு. சேலை நாய்க்கு விரிக்கத்தான். துவைக்காமல் அனுப்பு, உன் வாசனை இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்