தடித்த துணிக்கான இறுக்கம்

ஆகஸ்ட் 12, 2001. ஞாயிறு, இரவு.

இல்லை, நூலில் கோளாறு இல்லை. மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். தையல் ஓடிய வழியெல்லாம் என் ஜாக்கெட் துணி சுருங்குகிறது, அடிநூல் மேலே புள்ளி புள்ளியாக எழும்புகிறது. மேல்நூல் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. டென்ஷன் திருகை யாரோ திருப்பியிருக்கிறார்கள். இந்த வீட்டில் தைக்கத் தெரிந்தவர்கள் நானும் அண்ணியும்தான்.

“அண்ணி, மிஷினத் தொட்டீங்களா?”

“நான் இன்னாத்துக்கு அத்த தொடப்போறேன்? உன் மிஷினு உன்ன மாரியே, கிட்ட போனாலே மொறைக்குது.”

சிரித்தாள். கொஞ்சம் சீக்கிரமாகவே சிரித்தாள்.

ஊசிக்குக் கீழே இருக்கும் தட்டைக் கழற்றினேன். உள்ளே காக்கிப் பிசிறு. எங்கள் வீட்டில் காக்கித் துணியே கிடையாது.

மாமல்லபுரத்துக் கடைக்குத் தடித்த காக்கிக் கான்வாஸில் பை தைத்துத் தரட்டுமா என்று போன மாதம் அண்ணி கேட்டாள். “என் வூட்டுப் பொம்பள கடைக்குத் தைக்கிறதா?” என்று அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அதோடு பேச்சு நின்றது. தையல் நிற்கவில்லை போலிருக்கிறது. நான் கல்லூரிக்கு ரயிலேறிய பிறகு தைக்கிறாள். காசு சேர்க்கிறாள். எதற்கு? இங்கிருந்து போவதற்கா?

சாப்பிடும்போது அண்ணன் கேட்டான்: “இன்னா, மிஷினு பேஜார் பண்ணுதாமே? யார்னா நோண்டினாங்களா?”

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

“எண்ணெ காஞ்சிபோச்சிண்ணா,” என்றேன்.

என்னிடம்கூட ஏன் மறைத்தாள்? அண்ணனிடம் சொல்லிவிடுவேன் என்றா? சொல்லமாட்டேன் என்று எனக்கே உறுதியில்லாதபோது...

திருகைத் தளர்த்தி ஜாக்கெட்டைத் தைத்து முடித்தேன். பிசிறைத் துடைத்தேன். பிறகு, அண்ணி வைத்திருந்த அளவுக்கே திருகை மறுபடி இறுக்கி, மிஷினை மூடினேன்.