முதலாளி எடுத்த காவடி

21-7-85, ஞாயிறு

மோர் போதவில்லை. அம்மையார்குப்பம் காவடி செட்டில் சொன்னதற்கு மேல் ஏழெட்டுப் பேர் கூட வந்துவிட்டார்கள். ஆடி பிறந்ததும் காப்புக் கட்டிக்கொண்டு, மலையேறி சாமி பார்த்து இறங்கி, வருஷா வருஷம் நம் வீட்டில் ஒரு வேளை சாப்பிடுகிறவர்கள். காவடி எடுப்பது கிருத்திகை அன்றைக்குத்தான். வெங்காயம், பூண்டு இல்லாத சமையல். மோரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பெருக்கினேன்.

வேடியப்பன் இலையை மூடாமல் உட்கார்ந்திருந்தான். சிங்காரம் முதலாளியின் பவர்லூம் ஷெட்டில் தறி ஓட்டுகிறவன். மூன்று வருஷமாகத் தெரியும். "எக்கா, இந்த மோருக்குத்தான் நான் காப்பே கட்டிகினுகிறேன். மலை மேல போய் சொல்லிடாதீங்க" என்றான். இவர் சிரித்துக்கொண்டே செம்பை வாங்கி அவன் குவித்த கையில் ஊற்றினார். "காப்பு நனையப் போவுதுடா" என்று வேறு சொன்னார்.

சாயங்காலம் முன்கட்டில் இருக்கும் நம் அச்சாபீசுக்கு மெட்ராசிலிருந்து ஒருவன் வந்தான். இளங்கோவன் என்று பேர். உள்ளாட்சித் தேர்தல் எப்படியும் வரும், சிங்காரம் முதலாளி சேர்மனுக்கு நிற்கப் போகிறார், அதுவரை அவர் பேர் பேப்பரில் நல்லவிதமாக வந்துகொண்டே இருக்க வேண்டுமாம். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் இவனுக்குச் சம்பளம். இவரோ பேப்பருக்கு இந்த ஊர் நிருபர். இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

ஒருத்தனை நல்லவனாகக் காட்டுவதற்கு இன்னொருத்தன். நல்லவனாகவே இருந்து தொலைத்தால் இந்தச் செலவு மிச்சம்.

25-7-85, வியாழன்

முருகா.

வேடியப்பன் போய்விட்டான். நேற்று மழையில் ஷெட் கூரை ஒழுகி, தறி மோட்டார் ஒயரில் ஷாக் அடித்ததாம். அந்த ஒயர் கிழிந்து கிடப்பதைப் போன மாதமே இரண்டு தரம் சொன்னார்களாம், முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். பால்காரன் சொன்னான். காப்போடே பிணத்தைத் தூக்கினார்களாம்.

இவர் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் ராத்திரிதான் வந்தார். கேட்டதற்கு, "ஆக்சிடென்டு" என்று மட்டும் சொன்னார். அச்சாபீசில் இளங்கோவன் காத்துக்கொண்டிருந்தான்.

26-7-85, வெள்ளி

பேப்பரில் வந்திருக்கிறது. "குடிபோதையில் தறி மோட்டாரில் கை வைத்த தொழிலாளி பலி." கீழே, முதலாளி கண் கலங்கினாராம், ஈமச்செலவுக்கு உதவினாராம். எழுதியவர் 'நமது திருத்தணி நிருபர்'. என் வீட்டுக்காரர்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கல்யாணமாகி வந்து, அச்சாபீசில் கழித்துப் போட்ட தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு தானாக எழுத்துக் கூட்டிப் படித்தவள். அச்சில் வந்தால் பொய் இருக்காது என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு பாடுபட்டேன். இதைப் படிக்கவா?

வெள்ளிக்கிழமை விளக்கேற்றினேன். மனசு நிற்கவில்லை.

27-7-85

கேட்டுவிட்டேன். சாப்பிடும்போது கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

"ஏங்க, ஞாத்திக்கெழம அவன் கையில மோரு ஊத்தனது யாரு? அந்தக் கையிலயா சாராயத்த வச்சீங்க?"

தலை தூக்கவில்லை. தான் எழுதாவிட்டால் வேறு எவனாவது எழுதுவான் என்றார். செத்தவனுக்கு இனிமேல் என்ன பேர் வேண்டியிருக்கிறது என்றார். சேர்மன் தேர்தல் நோட்டீஸ் எல்லாம் நம் அச்சாபீசுக்குத்தான் வரும் என்றார். மூன்று காரணம். ஒரு பொய்க்கு மூன்று காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோறு போட்டேன். பேச்சை நிறுத்திவிட்டேன்.

30-7-85

டவுன் பஸ்ஸில் அம்மையார்குப்பம் போய் வந்தேன். வேடியப்பன் பெண்சாதி தாயம்மாள் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். அழக்கூட இல்லை. எனக்கு விஷயம் சொன்னது அவன் தம்பி துரைக்கண்ணுதான். பேப்பர் வந்த அன்றைக்கே காவடி செட்டுத் தலைவர் சிவப்பிரகாசம் வந்து, வேடியப்பன் காவடியைக் கொட்டகையிலிருந்து எடுத்து வந்து இவர்கள் வாசலில் சாத்திவிட்டுப் போய்விட்டாராம். சாவுத் தீட்டினால் இந்த வருஷம் எப்படியும் இந்த வீட்டார் எடுக்க முடியாது. அது வேறு. "விரதத்துல குடிச்சவன் வூட்டுக் காவடி இனிமே எங்க கூட வரக்கூடாது, எந்த வருசமும் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அவர்கள் அப்பன் காலத்துக் காவடி.

குழாயடியில் பெண்கள் பேசுவது என் காதில் விழும்படியே பேசினார்கள். காப்புக் கட்டிக்கொண்டு குடித்தால் முருகன் சும்மா விடுவானா, மோட்டாரில் கொண்டு போய்க் கையை வைத்துவிட்டான் பார் என்று.

நான் போய், அவன் குடிக்கவில்லை, என் வீட்டில் விரதச் சாப்பாடு சாப்பிட்டவன் என்றேன். ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பேப்பர்லயே போட்டுட்டான்மா" என்றாள்.

பேப்பரில் போட்டவன் யார் என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் கிளம்பும்போது தாயம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள். "எக்கா, அது குடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?" "ஆங்" என்றேன். "அது போதும்" என்றாள். போதாது. எப்படிப் போதும்?

2-8-85

அரிசி, பருப்பு, உளுந்து எல்லாம் இவரிடம் சீட்டு எழுதிக் காட்டியே வாங்கியாயிற்று. இவருக்கு வேண்டியது இவர் தட்டில் இருக்கிறது.

4-8-85, ஞாயிறு

இளங்கோவன் இன்றைக்கு உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டான். முகம் சரியில்லை. ஷெட்டில் ஆட்கள் ஒயரைப் பற்றி முணுமுணுக்கிறார்களாம், ஆர்.கே.பேட்டை வரை பேச்சுப் போய்விட்டதாம், முதலாளி பேருக்குக் கெடுதலாம். அதனால் புதிதாக ஒன்று யோசித்திருக்கிறான். ஆடிக் கிருத்திகைக்கு, வேடியப்பனின் காவடியை முதலாளியே தோளில் சுமந்து மலையேறி அவன் வேண்டுதலை முடித்து வைப்பாராம். போட்டோவோடு பேப்பரில் வரும். ஜனங்கள் உருகிவிடுவார்களாம். நான் பஜனைப் பெண்களோடு வந்து ஆரத்தி எடுக்க வேண்டுமாம். "நீங்க நின்னா ஒரு பவித்ரம் இருக்கும்மா" என்கிறான். பவித்ரத்துக்கும் ஆள் பிடிக்கிறான்.

எழுந்து போ என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. குடிகாரனுக்கு ஏது விரதம்? விரதம் இல்லாதவனுக்கு ஏது முடிக்காத வேண்டுதல்? இந்த மெட்ராஸ் மேதைக்கு அது தெரியவில்லை. காவடியைப் போட்டோவில் பூ வைத்த மூங்கிலாகத்தான் பார்க்கிறான். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் பத்து நாளாக யோசிப்பதையே நிறுத்திவிட்டவர்.

போட்டோவுக்கு வரமாட்டேன் என்றேன். ஆனால் எழுதுவதாக இருந்தால் முழுசாக எழுதச் சொன்னேன். காப்புக் கட்டிய நாள் முதல் ஒரு வேளைச் சாப்பாடு, பாயில்கூடப் படுக்காமல் வெறுந்தரை, காலில் செருப்பு இல்லை, செத்த அன்றைக்கும் கையில் காப்பு. ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாம் உண்மை.

இளங்கோவன் எழுதி எழுதிக் கை சலித்துப் போனான். "அம்மா, நீங்க மெட்ராஸ்ல இருந்திருக்கணும்" என்றான்.

முருகன் என்னைத் திருத்தணியில் வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கும்.

9-8-85, வெள்ளி. ஆடிக் கிருத்திகை

மலை முழுக்க மஞ்சள். எங்கே பார்த்தாலும் பூக்காவடி, அரோகரா. நான் படியேறிப் போனேன். முதலாளி காரில் வந்தார். தாயம்மாள் வாசலில் சாத்தியிருந்த காவடியை ஷெட் ஆட்கள் முன்னமே தூக்கி வந்திருந்தார்கள். மேலே சன்னிதிக்குக் கொஞ்சம் கீழே, படித் திருப்பத்தில் இறக்கினார்கள். சரவணப் பொய்கையில் குளித்து வந்த மாதிரி தெரிய வேண்டுமே, இளங்கோவன் ஒரு வாளித் தண்ணீரை அவர் தலையில் ஊற்றச் சொன்னான். முதலாளி "ஐயோ, ஜில்லுன்னுகீது" என்றார். வேட்டி ஒட்டியதும் காவடியைத் தோளில் வைத்தார்கள். இடது தோள் வலிக்கிறது என்று வலதுக்கு மாற்றினார். போட்டோக்காரன் மறுபடி ஏறி வரச் சொன்னான். ஏறினார். இன்னொரு தரம். ஏறினார்.

அந்தப் பத்துப் படியை இறங்கி இறங்கி ஏறியதில் மட்டும் கொஞ்சம் புண்ணியம் சேர்ந்திருக்கலாம்.

நான் தூணோரம் நின்று பார்த்தேன். வேடியப்பன் காவடி மேல் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. யார் தூக்கினால் என்ன, சன்னிதிக்குப் போய்ச் சேர்ந்தது.

11-8-85, ஞாயிறு

வந்துவிட்டது. முதல் பக்கம். "விரதம் தவறாமல் உயிர்விட்ட தொழிலாளி: காவடியைத் தோளில் சுமந்த முதலாளி." நான் சொன்னது ஒன்று விடாமல் இருக்கிறது. இவர் கையெழுத்தில் போனதுதான். படித்துவிட்டு இவரே போன மாசத்துப் பேப்பரைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் உறைத்தது போலிருக்கிறது. என்னைப் பார்த்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

13-8-85

கே.ஜி.கண்டிகை டீக்கடையில் ஒருத்தன் புதுப் பேப்பரை உரக்கப் படித்தானாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர், "அப்போ குடிச்சது யாருப்பா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். கடையே எழுந்து சிரித்ததாம். பால்காரன் சொல்லும்போதே அவனுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

14-8-85

பஸ் ஸ்டாண்டிலும் அதே கேள்வி.

18-8-85

சிவப்பிரகாசம் இரண்டு நாள் பேப்பரையும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தாயம்மாள் வீட்டுக்குப் போனாராம். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாராம். முதலாளி அந்தக் காவடியைச் சன்னிதியிலேயே போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போயிருந்தார். அதைத் தேடி எடுத்து வந்து மறுபடி செட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் தம்பி துரைக்கண்ணு எடுப்பான். அவன் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனான். இவர் அச்சாபீசில்தான் இருந்தார். அவரைப் பார்க்காமலே போனான்.

5-9-85

லேபர் ஆபீசர் ஷெட்டைப் பார்க்க வந்தாராம். முதல் நாளே ஒயரெல்லாம் புதிதாக மாற்றிவிட்டார்கள். அந்த ஒயர் ஒன்றரை மாதம் முன்னால் கடையில் கிடைக்கவில்லை போலும்.

16-2-86

தேர்தல் களேபரம். நோட்டீஸ் எல்லாம் நம் அச்சாபீசில்தான். முதலாளி கைகூப்பிச் சிரிக்கும் போஸ்டர். ஊரில் எந்தச் சுவரில் ஒட்டினாலும், மறுநாள் காலையில் கீழே கரியால் 'குடிச்சது யாரு?' என்று எழுதியிருக்கிறதாம். இளங்கோவன் ஆள் வைத்து அழிக்கிறான். அழித்த இடம் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

27-2-86

முதலாளி தோற்றார். இளங்கோவன் மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டான். அடுத்து எவனையோ நல்லவனாக்கப் போயிருப்பான்.

இவர் சாப்பிடும்போது, "எல்லாம் நீ பண்ண வேலைதான் இல்ல?" என்றார். கோபமாகக்கூட இல்லை. நான் பொய் எதுவும் சொல்லலியே என்றேன்.

30-7-86, புதன். ஆடிக் கிருத்திகை

அம்மையார்குப்பம் செட் மலையிறங்கி வந்தது. வேடியப்பன் வருஷத் திதி முடிந்துவிட்டது. துரைக்கண்ணுதான் காவடி எடுத்தான். இந்த வருஷம் அவனைத்தான் முன்னால் நடக்க விட்டார்கள் என்று சிவப்பிரகாசம் சொன்னார்.

சொன்னதற்கு மேல் ஆள் வந்தாலும் மோர் நிறையவே வைத்திருந்தேன். இவர் நான் கேட்காமலே செம்பை எடுத்துக்கொண்டு வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தார். எல்லாரும் கையைக் குவித்து வாங்கிக்கொண்டார்கள். முகம் பார்த்து யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

துரைக்கண்ணு முறை வந்தது. அவன் கையை நீட்டவில்லை. மஞ்சள் காப்புக் கட்டிய கையை இலைக்கு மேலே கவிழ்த்து வைத்துக்கொண்டான். "போதுங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். இலையில் சோறு அப்படியே இருந்தது.

இவர் செம்பை என்னிடம் கொடுத்துவிட்டு முன்கட்டுக்குப் போய்விட்டார்.

நான் குனிந்தேன். துரைக்கண்ணு கையைத் திருப்பிக் குவித்தான். ஊற்றினேன். குடித்தான். இன்னும் கொஞ்சம் கேட்டான்.

முன்கட்டில் மிஷின் ஓடும் சத்தம் கேட்கவில்லை.

மோர் மீதி. இவர் சாப்பிட வரும்போது ஊற்ற வேண்டும்.