கடைக்குப் போயிருக்கும் வாக்காளர்

வாக்காளர் பட்டியலின்படி இதே வீட்டில் குடியிருந்து, சற்று முன்னால்தான் கடைக்குப் போயிருக்கும் என் அருமை மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவியும் என் பேத்தியும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். கடையில் கூட்டம் ரொம்பவோ என்னவோ, நீ போய் ஒன்பது வருஷமாகிறது. ஃபோனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நான் வாயைத் திறந்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது, பாதியில் கட் ஆகாது, அதனால் உட்கார்ந்து கடைசிவரை படி.

உன் அப்பாவின் சங்கதிதான். எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் தராசில் ஒரு கடுகு குறைந்தாலும் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கிய மனிதர் அல்லவா, அந்த நியாயத்தை ரிட்டயர் ஆனபிறகு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வீட்டு ஆட்களின் வாக்காளர் பதிவின்மேல் வைத்தார். உன் அக்காவுக்குக் கல்யாணம் ஆகி அவள் பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை, அதற்குள் இங்கே அவள் பெயரை எடுத்துப் புருஷன் வீட்டு விலாசத்தில் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்துவிட்டு வந்தார். உன் பெரியப்பா போனாரே, வீட்டில் அழுகை ஓயவில்லை, இவர் மரணச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, இருக்கிறவன்தான் பட்டியலில் இருக்கணும், இல்லாதவன் பெயர் இருந்தால் எவனாவது அதில் ஓட்டுப் போட்டுவிடுவான் என்று கிளம்பிவிட்டார். பெரியம்மா அதற்காக இவரோடு ஒரு வருஷம் பேசவில்லை. இவர் அசையவில்லை. ஊருக்கெல்லாம் அப்படி ஒரு சட்டம், அண்ணனுக்கும் மகளுக்கும் அதே சட்டம், துரை உனக்கு மட்டும் வேறு சட்டம்.

துரைக்கு என்ன சட்டம் என்றால், பட்டியலைச் சரிபார்க்க ஆள் வருகிறார் என்று தெரு முனையில் பேச்சு வந்ததும் உன் அப்பா சுறுசுறுப்பாகிவிடுவார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து உன் பழைய தோல் செருப்பை எடுத்துத் துடைத்து, இப்போதுதான் யாரோ கழற்றிவிட்டுப் போனமாதிரி ஒன்று நேராக ஒன்று கோணலாக வாசலில் போடுவார். உன் பிறந்தநாளுக்கு வருஷாவருஷம் ஒரு சட்டை வாங்கி வைக்கிறாரே, அதில் ஒன்றை நனைத்துக் கொடியில் காயப்போடுவார். வந்தவர் உன் பெயரை வாசித்ததும் கொஞ்சமும் கூசாமல், கடைக்குப் போயிருக்கான், இப்ப வந்துடுவான் என்பார். ஒரு கடுகுக்குக் கடையைப் பூட்டியவர், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார். முன்பெல்லாம் வந்தவர் டீயைக் குடித்துவிட்டுச் சரி என்று எழுதிக்கொண்டு போகிற ஆள், அவருக்கு நீ கடைக்குப் போனால் என்ன, காசிக்குப் போனால் என்ன. தேர்தல் வந்தால் இன்னொரு கூத்து. இவர் தன் ஓட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வரமாட்டார். உன் ஓட்டை எவனாவது கள்ள ஓட்டாகப் போட்டுவிடுவானாம், எதிர்த்தாற்போல் உள்ள மருந்துக்கடை வாசலில் பெட்டியை மூடும்வரை உட்கார்ந்து காவல் காப்பார். நீ போன வருஷம் அங்கே ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே நின்று பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு படம் அனுப்பினாயே, அதையும் நான்தான் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, அங்க வரிசை ஒழுங்கா நிக்குது என்றார். அவ்வளவுதான்.

இந்தத் தடவை வந்தது நம் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர். கொடியில் தொங்கிய சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன சார், காலருக்குள்ள கடை அட்டை அப்படியே இருக்கே, அட்டையோடவா துவைச்சீங்க என்று கேட்டார். உன் அப்பா திருதிருவென்று முழித்தார். நான் சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் போய்விட்டேன். அந்த அம்மாள் நல்ல மாதிரி, அதற்குமேல் கிண்டாமல் இந்த முறை ஆளுக்கு ஒரு படிவம், அவரவர் கையெழுத்து அவரவர்தான் போடவேண்டும் என்று மூன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா, நீ காலேஜில் இருந்தபோது எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்து, உன் கையெழுத்தைப் பழைய காலண்டர் தாளில் எழுதி எழுதிப் பழகினார். உனக்கு ஒரு நாளும் வீட்டுப்பாடம் எழுதிக் கொடுக்காதவர். கடைசியில் போட்ட கையெழுத்தில் அவருடைய வால் சுழி அப்படியே வந்து நின்றது. மூன்று படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும், ஆபீசில் கண்டுபிடிக்கமாட்டார்களா? உன் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. ஆசாமி நேரில் ஆஜராக வேண்டும், வராவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று.

அப்போதாவது உனக்குச் சொல்லலாம் என்றேன். அவனுக்கு ஆயிரம் வேலை, தொந்தரவு பண்ணாதே என்றார். சரி, நீ வந்திருக்கவா போகிறாய், நானும் விட்டுவிட்டேன். அந்த நாளில் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் நோட்டீசுமாகக் கிளம்பினார். தனியாக விடப் பயந்து நானும் போனேன். மாடியில் ஆபீஸ், இரண்டு பெஞ்சு, ஒரு ஃபேன், அதுவும் அதிகாரி தலைக்கு மேல்தான் சுற்றுகிறது. உன் பெயரைக் கூப்பிட்டார்கள். உன் அப்பா எழுந்து நின்றார். அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அதிகாரி, உன் வயதுதான் இருக்கும், அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஐயா இதில் வயது முப்பத்தெட்டு என்று இருக்கிறதே என்று மெதுவாகக் கேட்டார். இவர் விடவில்லை, பையன் கடைக்குப் போயிருக்கான் என்றார். அத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். அந்த அதிகாரித் தம்பி நோட்டீசை ஓரமாக எடுத்து வைத்தார். பிறகு, சரிங்க ஐயா, வரட்டும், ஆபீஸ் மூடறவரைக்கும் நேரம் இருக்கு, உட்காருங்க என்றார்.

உட்கார்ந்தோம். இதைத்தான் நீ கவனமாகப் படிக்கவேண்டும். நான் நினைத்தேன், கொஞ்ச நேரம் வீம்புக்கு உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுவார் என்று. எழவில்லை. ஒவ்வொரு தடவையும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பிப் பார்த்தார். ஃபைல் தூக்குகிற ஆள் வருவார், டீ கொண்டு வருகிறவர் வருவார், வேறு யாரோ நோட்டீசோடு வருவார்கள், ஒவ்வொரு சத்தத்துக்கும் திருப்பினார். சிரித்தவர்கள் எல்லாரும் வேலை முடிந்து போய்விட்டார்கள். பொய் சொல்கிறவருக்கு அது பொய் என்று தெரிந்திருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் கேலி செய்துகொண்டிருந்தேன். அன்றோடு அந்தக் கேலி போயிற்று. உன்மேல் வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தத் தாள் பற்றி எரியும், அதனால் எழுதவில்லை.

நான் எழுந்துபோய் நீக்குவதற்கான படிவத்தை வாங்கினேன். அதே பட்டியலில் இருக்கிற யாரும் கொடுக்கலாமாம். காரணம் என்று மூன்று கட்டம் போட்டிருந்தார்கள். இறந்துவிட்டார், இரண்டு இடத்தில் பெயர் உள்ளது, நிரந்தரமாக இடம்பெயர்ந்தார். அடுத்த வருஷம் வருகிறேன் என்று வருஷாவருஷம் சொல்கிறார் என்பதற்கு அரசாங்கம் கட்டம் வைக்கவில்லை. மூன்றாவதில் டிக் போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். பெற்றவள் நான்தான் கொடுத்தேன். அந்தத் தம்பி வாங்கி வைத்துக்கொண்டு, உன் அப்பா போட்ட கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் படிவத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார், நன்றாக இருக்கட்டும். பஸ்ஸில் உன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியவர் திரும்பியவர்தான்.

இங்கே மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. உன் அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை. கட்சிக்காரர் ஒருவர், நாம் மைக்செட் என்போமே, அவர்தான் வந்து, என்னம்மா உங்க வீட்ல ஒரு ஓட்டுக் குறைஞ்சுபோச்சே என்று துக்கம் விசாரிக்கிறமாதிரி விசாரித்தார். குறைந்தது ஓட்டுதான் என்றேன். நீ வேளைக்குச் சாப்பிடு, உட்கார்ந்தே வேலை பார்க்காதே, குழந்தையோடு தமிழில் பேசு, அவள் ஒருநாள் இந்தப் படியில் ஏறி வந்தால் தாத்தாவோடு பேச ஏதாவது வேண்டாமா.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கானது, அந்தத் தம்பியாகவே கொடுத்தார். இந்த வீட்டில் வந்து நிலையாகக் குடியிருக்கிறவர் பூர்த்தி செய்து நேரில் கொடுக்கவேண்டும், தபாலில் வந்தால் எடுக்கமாட்டார்களாம், அப்பா போட்டுக் கொடுத்தாலும் செல்லாதாம். உனக்கு வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடு, அதையாவது நேராகச் சொல். அடுத்த வருஷம் என்று மட்டும் இன்னொரு தடவை உன் அப்பாவிடம் சொல்லாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு, கோபத்தோடு சேர்த்தே உண்டு.

முடிக்கப் பார்த்தேன், ஒன்றை விட்டுவிட்டேன். இன்று காலை கதவைத் திறந்தால் உன் செருப்பு வாசலில் இருக்கிறது, துடைத்து, ஒன்று நேராக ஒன்று கோணலாக. சரிபார்க்கிறதெல்லாம் முடிந்தது, இனி யாரும் வரமாட்டார்கள் என்றேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "தெரியும். இருக்கட்டும்."

இப்படிக்கு,
பட்டியலில் இன்னும் இருக்கும்
உன் அம்மா