பலகைக்குக் கேட்ட பெயர்

அன்பு மகள் ஃபஹீமாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தம்பி ரிஸ்வானும் அல்லாஹ் கிருபையில் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம், மலேசியாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க துஆ செய்கிறேன். சின்னவனுக்குச் சளி விட்டதா, ஐஸ் தண்ணி கொடுக்காதே. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் இதை எழுதி ரிஸ்வானிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

உன் சிதம்பரத்துப் புரொபசர் வீட்டுக்கு வந்தார். ஜனநாயகத்தையும் வளர்ச்சியையும் ஆராய யுனிவர்சிட்டியில் ஒரு மையம் தொடங்குகிறார்களாம், வார்டு மெம்பராக இருந்து உழைத்தவர் என்று உன் வாப்பா பெயரை அதற்கு வைத்துப் பலகை மாட்டுகிறார்களாம், நீ போனிலேயே சரி சொல்லிவிட்டாயாம். பெரிய மனசுதான் உனக்கு. அவர் கார் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட பலகை மேல் தடுமாறி வந்தார். வந்து உட்கார்ந்ததும் ரொம்ப அமைதியான இடம் என்றார். ஆமாம், ஆம்புலன்ஸ் வராத இடம் அமைதியாகத்தான் இருக்கும்.

வாப்பா மவுத்துக்கு நான் இத்தா இருப்பதால், வெளி ஆண்கள் முன்னால் வராமல் திரைக்குள்ளேயே இருந்தேன். உன் மாமா திறப்பு விழாவில் தனக்கு மேடையில் நாற்காலி உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார், திரைப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் மாமா, "தங்கச்சி ஒண்ணும் சொல்லலியே, சம்மதந்தான் சார், எழுதிக்குங்க" என்றார். நிக்காஹ்வில் பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்பார்கள், அதற்கும் சாட்சிகளோடு வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொல்வார்கள். இவர்கள் ஜனநாயகத்தில் அந்தக் கேள்விகூட இல்லை.

அந்த மையத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? வாப்பா பாலம் கேட்டுக் கடலூருக்கு மனு எடுத்துப் போனபோது, "நாலு வூட்டுக்குப் பாலமா, நீச்சல் கத்துக்குங்க பாய்" என்று சிரித்தாரே, அந்த ஆபீஸர்தான். ரிட்டயர்டு ஆகிவிட்டார், இனிமேல் நம் வளர்ச்சியை ஆராய்வார். முன்பு இருந்த பலகையை மழைத் தண்ணி அடித்துக்கொண்டு போன அன்றைக்குத்தான் வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் அக்கரையில் விளக்குப் போட்டுக்கொண்டு நின்றது, ரிஸ்வானும் தெருக்காரர்களும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இடுப்புத் தண்ணியில் இறங்கினார்கள், கரை ஏறுவதற்குள் மவுத்தாகிவிட்டார். நீ பிளேன் ஏறி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

புரொபசர் அந்த ஆபீஸர் பெயரைச் சொன்னதும் நான் திரைக்குள் இருந்தே வாயைத் திறந்தேன். "சார், உங்க காரு எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கட்டும், அன்னிக்கு அவுங்க பேரைத் தரேன், அதுவரைக்கும் தர மாட்டேன்" என்றேன். புரொபசர் டீயைக் குடித்து முடித்துவிட்டு மாமாவிடம் மெதுவாக, "அம்மா துக்கத்துல பேசறாங்க, கொஞ்ச நாள் போவட்டும்" என்றார்.

துக்கம் இருக்கிறது, யார் இல்லை என்றது. ஆனால் மாட்டேன் என்றது புத்தியோடு சொன்னது. நீ படித்தவள், நீ மறுத்தால் அதைக் கருத்து என்று எழுதிக்கொள்வார்கள், நான் மறுத்தால் அழுகிறேன் என்கிறார்கள். அதனால் நீயே அவரைக் கூப்பிட்டு, உம்மாவும் சம்மதிக்கவில்லை, நானும் இல்லை என்று சொல்லு.

அல்லாஹ் உனக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. வெள்ளிக்கிழமை வாப்பாவுக்கு யாசீன் ஓது. புரொபசருக்குப் போன் போடு, அதற்கு முன்னால் எனக்குப் போடாதே.

உன் உம்மா,
சலீமா பீவி