செஞ்சி ரோட்டில் வேகம் பதினைந்து

8 பிப்ரவரி 1983, செவ்வாய்

பனி. மலை இடுப்பு வரைதான் தெரிந்தது. எட்டு மணிக்கும் லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு.

செஞ்சி ரோட்டை அகலப்படுத்தும் வேலை இன்னும் முடியவில்லை. ஊரைத் தாண்டியதும் மஞ்சள் பலகை: வேலை நடைபெறுகிறது, மெதுவாகச் செல்லவும், வேகம் 15 கி.மீ. அடியில் யாரோ கரியால் 'இல்லாவிட்டால் நடக்கவும்' என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து நன்றாக இருந்தது.

பஸ்ஸில் வழக்கமான கச்சேரி.

"பதினஞ்சா? கல்யாண ஊர்கோலமே இதவிட ஜோராப் போவும்பா."

"நமக்குப் பின்னாடி ஒரு மாடு வருது. அது ஆரன் அடிக்கலியேன்னு பாக்கறேன்."

எல்லோரையும்விட அப்பாவின் குரல்தான் பெரிது. "மனுசன் ஓட்டற வேகமா இது? எருமை மேய்க்கிற வேகம்." ஸ்டியரிங்கை ஒரு தட்டு.

நான் வழக்கம்போல் டிரைவர் சீட்டுக்குப் பின் சீட். கீழ்பென்னாத்தூர் கிளை நூலகத்தில் வேலை கிடைத்த அன்றே அப்பா சொல்லிவிட்டார்: "வண்டியில நான் டிரைவரு, நீ பாசஞ்சரு. அப்பா கிப்பான்னு கூப்பிடக் கூடாது." அதனால் பாதிப் பேருக்கு நான் யாரென்று தெரியாது. டிரைவரைப் பற்றி அவர்கள் சொல்வதெல்லாம் எனக்கு நேராகக் காதில் விழும்.

வாங்க வேண்டியவை: கோந்து, நீல மை, அம்மாவுக்கு ஊசி, துவரம் பருப்பு. திரும்பி வந்த புத்தகம் ஒன்றில் முப்பதாம் பக்கத்திலிருந்து புளிக்குழம்பு. கதையும் அங்கேதான் சுவாரசியமாகிறது. மன்னித்துவிட்டேன்.

10 பிப்ரவரி, வியாழன்

பனி குறைவு. கீழ்பென்னாத்தூர் (கீ.பெ.) பள்ளிக் கணக்கு வாத்தியார் இன்று ஒரு மனுவோடு ஏறினார். நெடுஞ்சாலைத் துறைக்கு. வேகத்தை முப்பதாக்க வேண்டும் என்று.

"புள்ளைங்க பிரேயர் முடிச்சி, அட்டெண்டன்ஸ் முடிச்சி, என்னைப் பத்திப் பேசி முடிச்ச அப்புறம்தான் நான் போய்ச் சேர்றேன். ஹெட்மாஸ்டரு என்னைப் பாக்காம கடியாரத்தைப் பாக்கறாரு. அதைவிட அவமானம் இன்னா இருக்குது?"

சிறுபாலம் கட்டும் இடத்தில் எதிர்ப் பக்கத்து வண்டிகளுக்காகக் காத்திருந்தபோது மனு சீட்டு சீட்டாகப் போனது. முதல் கையெழுத்து டிரைவருடையது என்று எல்லோரும் கத்தினார்கள். அப்பா ஸ்டியரிங் மேல் வைத்து, "எங்க போடறது?" என்றார். வாத்தியார் விரல் வைத்துக் காட்டினார். பெரிதாகப் போட்டார். பஸ் முழுக்கக் கைதட்டல்.

என்னிடம் வந்தபோது "பேனா இல்லைங்க" என்று தள்ளிவிட்டேன். பேனா பைக்குள்தான் இருந்தது. எனக்கு இந்த மெதுவில் லாபம். முன்பெல்லாம் கீ.பெ. வருவதற்குள் ஒரு கதை முடியாது. இப்போது முடித்துவிட்டு அதைப் பற்றி யோசிக்கவும் நேரம் இருக்கிறது. ஊர் மொத்தத்துக்கும் நஷ்டமான ஒன்று ஒருத்திக்கு லாபமாக இருந்தால் அவள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நல்லது.

14 பிப்ரவரி, திங்கள்

பனியே இல்லை. காலையிலேயே வெயில் கண்ணில் குத்தியது. இந்த ரோடு அப்படி. காலையில் போகும்போது சூரியன் எதிரே, மாலையில் திரும்பும்போதும் எதிரே.

பாலத்து வேலையில் சிவப்புக் கொடி பிடித்து ஒரு ஆள் நிற்பார். கொடியைத் தாழ்த்தினால்தான் இந்தப் பக்கத்து வண்டிகள் போகலாம். இன்று கொடி தூக்கியபடியே இருந்தது. அப்பா நிறுத்தவில்லை. அந்த ஆள் கொடியோடு ஜல்லிக் குவியலில் பாய்ந்து விழுந்தார்.

பஸ் ஆர்ப்பரித்தது.

"அப்படிப் போடுங்க டிரைவரே!"

"இத்தினி நாளா நம்மள நிக்க வச்சான் இல்ல? ஒரு நாளு அவன் குதிக்கட்டும்."

எதிரே வந்த லாரி மூக்கோடு மூக்கு வந்து நின்றது. லாரிக்காரர் சொன்னதை எழுத முடியாது. பின்னால் எடுத்து வழி விட வேண்டியதாயிற்று. அப்பா சிரித்துக்கொண்டே, "பின்ன, எத்தினி நாளைக்குத்தான் பொறுக்கறது?" என்றார். சட்டைக் காலர் ஈரமாகியிருந்தது.

வெட்கத்தோடு எழுதுகிறேன், எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. நமக்குப் பிடிக்காத விதியை நமக்காக ஒருவர் மீறினால் ஏன் மனசு இப்படிக் குளிர்ந்துபோகிறது? ஜல்லியில் விழுந்தவருக்கு முழங்கை சிராய்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகும்.

கண்டக்டர் ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. டிக்கெட் பையோடு முன்னால் வந்து அப்பா பக்கத்திலேயே நின்றான். கீ.பெ. வரை நகரவில்லை.

16 பிப்ரவரி, புதன்

மாலை பஸ்ஸில் நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

வேலை நடக்கும் இடம் முடிந்தது. பலகையின் முதுகும் பின்னால் போய்விட்டது. அப்பா அதே பதினைந்தில்.

"டிரைவரே, பலகை தாண்டியாச்சு!"

"ஜல்லி கிடக்குதுய்யா, டயர் போச்சுன்னா நீயா குடுப்பே?"

ஜல்லி எதுவும் இல்லை. எட்டிப் பார்த்தேன். சுத்தமான தார். ஏழுமலை கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் ஓயாமல்: "மாடுண்ணே. இந்தாண்ட சைக்கிளுண்ணே. பொம்பளைங்க ரெண்டு பேரு, புல்லுக்கட்டு." இதுநாள்வரை பேச்சுக்காரப் பையன் என்று நினைத்திருந்தேன்.

பிறகு சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. மலையின் நிழல் ரோட்டில் விழுந்தது. நிழலுக்குள் நுழைந்த உடனே பஸ் வேகம் எடுத்தது, பழைய அப்பாவின் வேகம்.

வேர்க்கடலை மூட்டையோடு வந்த மல்லாட்டை வியாபாரி ஒருவர் உரக்கச் சொன்னார்: "மலை மறைச்சாத்தான் நம்ம டிரைவருக்கு வீரம் வருது!" எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. 'எங்க போடறது?' வாத்தியாரின் விரல். தீபாவளியிலிருந்து பேப்பரை என்னிடம் கொடுத்து, "நீ படி பாப்பா, உன் குரல்ல கேட்டா நல்லா இருக்குது" என்பது. அவர் கொடியை மீறவில்லை. கொடியே தெரியவில்லை.

17 பிப்ரவரி, வியாழன்

நூலகத்தில் உடலியல் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கண் வில்லையில் புரை. வெளிச்சம் எதிரே பட்டால் பார்வை பாலாகப் பரவும், நிழலில் தேவலாம். எழுதியவர் அப்பாவின் பஸ்ஸில் வந்தவர் போல எழுதியிருக்கிறார். ஆபரேஷன் செய்யலாம். பிறகு கனத்த கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குப் பின் யாரும் பஸ் கொடுக்க மாட்டார்கள். அது புத்தகத்தில் இல்லை, எனக்கே தெரியும்.

மாலை பஸ் ஸ்டாண்டில் ஏழுமலையைத் தனியாகப் பிடித்தேன். அப்பாவின் கண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேங்க்கா."

"எவ்வளவு நாளா?"

"மழைக்காலத்துலருந்து. இந்தப் பலகை வச்சதுதான் தெய்வம். பதினஞ்சுல போற வரைக்கும் நான் சொல்லிக்கினே வரேன், அவரு பாத்துக்கறாரு. திங்கக்கிழமை பலகைய எடுக்கறாங்களாம். பழைய டைமிங்தான், லேட்டானா வண்டிய வாங்கிட்டு ஸ்பேர்ல போட்டுடுவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. அந்த வேகத்துக்கு என் வாய் பத்தாதுக்கா."

தன் மனுவால்தான் வேலை சீக்கிரம் முடிகிறது என்று வாத்தியார் பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா, "உங்க புண்ணியம் சார்" என்றார்.

ரோட்டுக்காக எல்லோரும் திட்டினார்கள். திட்டியவர்களில் அப்பாதான் முதல். அந்தக் கோபம் அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது!

18 பிப்ரவரி, வெள்ளி

நூலகம் விடுமுறை. அப்பாவுக்கும் ஓய்வு. வெயில், காற்றில்லை.

அம்மாவிடம்தான் முதலில். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "தெரியும்டி. டம்ளர கையில குடுத்தாத்தான் வாங்கறாரு. நான் சொல்ல மாட்டேன். வண்டி போச்சுன்னா அந்த மனுசன் இன்னா பண்ணுவாரு? பகல்ல அவரு வீட்ல உக்காந்து நான் பாத்ததே இல்ல."

"அம்பது பேர் ஏறுறாங்கம்மா."

"நீயும்தான் ஏறுறே. அதான் தெனம் சாமிய கும்புடறேன்."

சாயங்காலம். அப்பா கிணற்றடியில் காக்கிச் சட்டை துவைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் சட்டையை யாரும் தொடக்கூடாது, அவரேதான். பக்கத்தில் போய் நின்றேன். சொல்ல நினைத்து அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"அப்பா, திங்கக்கிழமை அந்தக் கொடிக்காரர் நின்னது தெரிஞ்சுதா?"

சட்டையை அலசினார். பிழிந்தார். உதறினார்.

"தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

பிறகு அவராகவே: "பதினஞ்சுல போனா எல்லாம் தெரியுது பாப்பா. மரம், மனுசன், ஒவ்வொண்ணா நிதானமா வந்து நிக்குது. அம்பதுல போனா எல்லாம் ஒரே வெளிச்சம். அதுக்குள்ளருந்து திடீர்னு வருது."

"மொதலாளிகிட்ட சொல்லிடுங்கப்பா."

"இந்த வருசம் தள்ளிட்டா போதும்."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அப்படிக் கேட்டேன். என் அப்பாவிடம். இருபத்து மூன்று வருடத்தில் அந்தக் குரலில் அவரிடம் பேசியதில்லை. ஈரச் சட்டையைக் கொடியில் போடப் போனார். இரண்டு தடவை கை கொடிக்கு மேலே போய்த் திரும்பியது. நான் எடுத்துப் போடவில்லை. போட்டிருக்கலாமா?

19 பிப்ரவரி, சனி

லேசான மேகம். பாலத்தில் கடைசித் தார். பீப்பாய்களிலிருந்து புகை. பெண்கள் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு ஜல்லி கொட்டுகிறார்கள். கொடிக்காரர் பஸ் வரும்போதே இரண்டடி தள்ளி நிற்கிறார். முழங்கையில் கட்டு.

எல்லோருக்கும் சந்தோஷம். "திங்கக்கிழமைலருந்து பறக்கப்போறோம்!" புத்தகம் மடியில். ஒரு பக்கமும் திருப்பவில்லை. ஒரு மழை வந்தால் வேலை இன்னும் கொஞ்சம் நீளுமே என்று மேகத்தைப் பார்த்தேன். மாசியில் மழை கேட்கிற பைத்தியம் நான் ஒருத்திதான்.

அப்பா வீட்டில் என்னோடு பேசவில்லை. பேப்பரை நீட்டவும் இல்லை.

முதலாளி வீடு பெரிய தெருவில் எங்கே என்று தெரியும். அந்தத் தெரு முனை வரை போனேன். திரும்பிவிட்டேன்.

20 பிப்ரவரி, ஞாயிறு

நூலகம் உண்டு, பஸ்ஸும் உண்டு. பேச்சில்லை. இரவு அம்மா காதில்: "அவரு தூங்கல. நீ அசந்து தூங்கிடாதே, காலைல அவரு கூடப் போ." வேறெப்படிப் போவேன்?

21 பிப்ரவரி, திங்கள்

வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பலகை இல்லை. அது நின்ற இடத்தில் இரண்டு குழி. புது ரோடு கறுப்பாக, சூரியன் முழுக்க அதன் மேல். கண் நல்லா இருக்கிற எனக்கே கூசியது.

வாத்தியார் முன் சீட்டில், மாலை போடாத தலைவர் மாதிரி. "டிரைவரே, உடுங்க!"

அப்பா உடவில்லை. பதினைந்து. புது ரோட்டில், நடுக் காலையில், பதினைந்து.

முதலில் சிரித்தார்கள். பழக்க தோஷம் என்றார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

"இன்னா டிரைவரே, வண்டி ரிப்பேரா?"

"பலகைய எடுத்துட்டாங்கன்னு யாராச்சும் அவருக்குச் சொல்லுங்கப்பா!"

பின்னால் வந்த பஸ் ஆரன் அடித்து அடித்து முந்தியது. டிராக்டர் முந்தியது. பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் ஜன்னலோரமாகவே வந்து, உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். வாத்தியார் எழுந்து நின்று, "இது அநியாயம், உங்க மொதலாளிக்கு எழுதுவேன்" என்றார்.

அப்பா அப்போதுதான் வாய் திறந்தார், திரும்பாமலே. கத்தவில்லை. "எழுதுங்க சார். நானும் சொல்லப் போறேன். எனக்குக் கண்ணு சரியா தெரியல. எறங்கறவங்க எறங்கிக்கலாம். கீழ்பென்னாத்தூரு வரைக்கும் இப்படித்தான் போவேன்."

யாரும் இறங்கவில்லை. ஏழுமலையின் குரல் மட்டும்: "மாடுண்ணே. குழந்தைங்க, இஸ்கூலுக்குப் போவுதுங்க. ரோடு காலிண்ணே." வாத்தியார் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும், மெதுவாக, "முன்னாடி ஒரு மாட்டு வண்டி, டிரைவரே" என்றார்.

கீ.பெ. நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, சாவியை ஏழுமலை கையில் கொடுத்தார். "போன் பண்ணி மொதலாளிகிட்ட சொல்லு. செஞ்சிக்கு வேற ஆளு அனுப்பச் சொல்லு." செஞ்சிக்கு டிக்கெட் வாங்கியவர்கள் முணுமுணுத்தபடி வேப்பமரத்தடிக்குப் போனார்கள். நான் வண்டியை விட்டு இறங்கி, அவர் கதவுப் பக்கமாகப் போய் நின்றேன். "அப்பா" என்று கூப்பிட்டேன். பஸ் அருகில், எல்லோர் எதிரிலும். திட்டவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்.

இப்போது நூலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். காக்கிச் சட்டை, கைகள் முழங்கால் மேல். கூஜாவிலிருந்து தண்ணீர் கொடுத்தேன், கையில். செஞ்சிக்குப் போகிற பெரியவர் ஒருவர் மரத்தடியிலிருந்து வந்து, சட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்:

"டிரைவரே, வண்டி எப்ப எடுப்பாங்க?"

"தெரியலைங்க. டிரைவரு வரணும்."